கொஞ்சம் அந்தப் பக்கம்

"பெரியம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடுங்களேன்" என்றுதான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை, சொல்லைக்கூடக் கெஞ்சலாகத்தான் முடித்தேன். அவர் தூக்குச்சட்டியின் மூடியைப் பாதி திறந்த நிலையில் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் தம்பி, நான் என்ன திருடியா திங்கிறேன்?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

2024ஆம் ஆண்டு மலேசியாவில் ரமலான் நோன்பு மார்ச் 12ஆம் தேதி தொடங்கியது. இது நடந்தது அந்த முதல் வாரத்தில், காலை பத்து மணி வாக்கில், எங்கள் செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய்க்கான பழக் குலைகளை லோரியில் ஏற்றும் மேடையை ஒட்டிய கொட்டகையில். பெரியம்மா உதிரிப் பழம் பொறுக்குபவர். இனிப்பு நீர் நோய்க்கு மாத்திரை போடுவதால் பசியாறும் நேரம் தள்ளிப்போனால் அவருக்குக் கை நடுங்கும். அவருக்கு நான்கு அடி தள்ளி, இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்த குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் அரிவாளைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். விடியுமுன் எழுந்து உண்டவர், அந்த வெயிலில் மாலை ஏழரை மணிவரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்க முடியாதவர். மூடி திறந்ததும் நெத்திலிச் சம்பலின் வாசனை கொட்டகை முழுவதும் பரவியது. எனக்கே நாக்கில் நீர் ஊறியது, நோன்பிருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். வெளிக்காட்டுக் கிராணி, அதாவது தோட்டத்து வெளிவேலைகளைக் கவனிக்கும் எழுத்தர், என்ற முறையில் அதைக் கவனிப்பதும் என் வேலைதான் என்று எனக்குத் தோன்றியது.

இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து மேசைக்காரர் நோன்பென்றால் தண்ணீர்ப் போத்தலைக்கூட மேசைக்குக் கீழே குனிந்து குடிப்பவர்கள் நாம். நோன்பு நேரத்தில் வெளியிடத்தில் உண்பது முஸ்லிம்களுக்குத்தான் குற்றம், மற்றவர்களை அந்தச் சட்டம் தொடுவதில்லை. ஆனாலும் சட்டத்துக்கு அப்பால் ஒரு கூச்சம் இருக்கிறது, அது இருப்பதை நான் இன்றும் நல்லதென்றே கருதுகிறேன். போதாக்குறைக்கு, நோன்பு மாதத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகள் திறந்திருக்க வேண்டும் என்று கல்வி அமைச்சர் சொல்லி, அதன் மீது நாடெங்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. என் கொட்டகையில் அப்படியொரு பேச்சு எழக்கூடாது என்று பயந்தேன். பயந்தேன் என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் மரியாதை என்று சொல்லியிருப்பேன்.

அதே பத்து மணிக்கு நான் எங்கே பசியாறினேன் என்பதையும் சொல்ல வேண்டும். அலுவலக அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பால் சேர்க்காத கோப்பி ஓவும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் இரண்டு பொட்டலமும். நோன்பாளிகள் கண்ணில் படாமல் சாப்பிட்டேன் என்ற திருப்தி எனக்கு அப்போது இருந்தது. என் நாகரிகத்துக்கு ஒரு கதவு இருந்தது, பெரியம்மாவிடம் இருந்தது தூக்குச்சட்டியின் மூடி மட்டும். "என் அறையில் வந்து உட்காருங்க பெரியம்மா" என்று சொல்லியிருக்கலாமே என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தோன்றியது. அது அன்றைக்கே ஏன் தோன்றவில்லை என்று யோசித்தால் வரும் பதில்கள் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் காட்டிய 'அந்தப் பக்கம்' உரக் கொட்டகையின் பின்புறம். நிழலான இடம், யார் கண்ணிலும் படாது என்பதால்தான் கை அங்கே நீண்டது. பெரியம்மா வேறெதுவும் பேசவில்லை. மூடியை அழுத்தி மூடி, தண்ணீர்ப் போத்தலைக் கக்கத்தில் இடுக்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். சற்றுக் கழித்து அந்தப் பக்கமாக நடந்தபோது பார்த்தேன். உண்பதற்கு முன் எப்போதும் செய்வதுபோல் ஒரு பிடி சோற்றை எறும்புக்கென்று சிமெண்டுத் தரையில் வைத்திருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில், உரமும் பூச்சிமருந்தும் உள்ள இடம், இங்கு உண்ணவோ பருகவோ கூடாது என்று மலாயிலும் தமிழிலும் எழுதிய பலகை இருந்தது. அதன் தமிழ் வரியை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

நம் சனங்களுக்கு இது புதிதில்லை என்று சில நேரம் தோன்றுகிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டதும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துவது. அதற்கும் அந்தக் காலத்தில் மரியாதை என்றுதானே பெயர். பெரியம்மாவை நான் எழுப்பியதை அதனோடு ஒப்பிடுவது அதிகப்படி என்பது எனக்குத் தெரியும். அவர்கள் இறங்கியது வெள்ளைக்காரத் துரைக்காக, பெரியம்மா எழுந்தது தன்னைப் போலவே நாள் கூலிக்கு உழைக்கும் இன்னொரு தொழிலாளிக்காக. அப்படி எழுதியதும் ஓர் ஐயம் வருகிறது. அவர் எழுந்தது அந்தத் தொழிலாளிக்காகவா, கிராணி சொன்னதற்காகவா?

அந்த லொம்போக்குக்காரர் அன்று மதியம் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். தனக்காகவா மாச்சிக்கை, அதாவது பெரியம்மாவை, எழுப்பினீர்கள் என்று மலாயில் கேட்டார். தான் ஒன்றும் சொல்லவில்லையே, ஊரில் தன் தாயும் நோயாளிதான், வீட்டில் மற்ற எல்லாரும் நோன்பிருக்க அவர் மட்டும் பகலில் சாப்பிடுவார் என்றார். நான் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று மழுப்பினேன். மறுநாள் பத்து மணிக்கு அவர் அரிவாளையும் கல்லையும் எடுத்துக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே போய் வெயிலில் உட்கார்ந்து தீட்டினார். பெரியம்மாவோ கொட்டகைக்குத் திரும்பி வரவில்லை. ஒருவர் வெயிலில், ஒருவர் உரக் கொட்டகைக்குப் பின்னால், நடுவில் கொட்டகையில் ஆளில்லாத உட்காரும் பலகை.

எங்கள் ஊருக்கே நாகரிகம் கருதிப் பெயரை மாற்றினார்கள். 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை, மலாயில் அது விரசமாகத் தொனிக்கிறதென்று பெஸ்தாரி ஜெயா ஆனது. இங்கேயே பிறந்த எங்கள் காதில் அது விரசமாக விழுந்ததேயில்லை. பிறருக்குக் கூசுமே என்று அவர்கள் சார்பில் நாமே கூசிக்கொள்வதில் நானும் சளைத்தவனில்லை போலும். இந்த ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் வைத்தார்கள். பெயர் இன்றும் தமிழாகவே இருக்கிறது. என் கொட்டகையில் மிஞ்சியிருந்த தமிழர் என்னையும், ஆட்களை மேய்க்கும் மண்டோரையும் விட்டால் பெரியம்மா ஒருவர்தான், அவரைத்தான் நான் எழுப்பினேன்.

மண்டோரிடம் அவர் சொன்னதாக ஒரு வார்த்தை என் காதுக்கு வந்தது. "பத்துமலைக்குக் காவடி எடுக்க நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்தப்ப பக்கத்துல உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்னாங்க. நான் யாரையும் எந்திரிக்கச் சொல்லல." இதற்கு என்னிடம் பதில் உண்டு. விரதம் நம் ஆசையில் எடுப்பது, எல்லாருக்கும் ஒரே மாதத்தில் வருவதில்லை, அதற்கும் நோன்புக்கும் வேறுபாடு இருக்கிறது. இந்தப் பதிலை மனதுக்குள் பலமுறை செப்பனிட்டு வைத்திருக்கிறேன். அவரிடம் சொன்னதில்லை.

பெருநாள் வந்து போயிற்று. லொம்போக்குக்காரர் மறுபடியும் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்து, எல்லாரையும்போல் பத்து மணிக்குப் பசியாறினார். பெரியம்மா மட்டும் உரக் கொட்டகைப் பின்புறத்தை விட்டு வரவில்லை. ஒருநாள் கேட்டேன். "பழகிருச்சு தம்பி, நெழலா இருக்கு" என்றார். உண்மையாகவே நிழல்தான். ஆனால் மேலே பலகை இருக்கிறது. விதிப்படி அங்கே உண்பவரை எழுப்ப வேண்டியவன் நான், அது அவர் உடம்புக்கும் நல்லது. தினமும் பத்து மணிக்கு அந்த வழியாகத்தான் நடக்கிறேன். எறும்புகள் மொய்த்த அந்த ஒரு பிடி சோற்றைப் பார்க்கிறேன், "பசியாறுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன்.