மாடு வளர்த்த கையோடு குதிரைக்குப் போனேன்

2020 ஜனவரி 31ஆம் தேதி பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் வெளியே வந்த 78,000 சொச்சம் பேரில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு 56 வயது. வந்த பணத்தில் வீட்டுக்கடன் போக கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெள்ளகோவில் பக்கம் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் கொரங்காடும் (வேலி கட்டிய மேய்ச்சல் நிலம்) இருந்தது. மட்டக்குதிரை வளர்க்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டுக்காரர் பேப்பரைக்கூடக் கீழே இறக்கவில்லை. "ரெண்டு எருமை வாங்கு, பாலாவது கெடைக்கும்" என்றார்.

அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் குதிரை வண்டி இருந்தது. பள்ளி லீவுக்குப் போனால் அந்தக் குதிரைக்குக் கொள்ளு ஊறப்போடுவது என் வேலை. அந்த ஆசைதான் அத்தனை வருஷமும் டெலிபோன் ஆபீஸில் அடங்கிக் கிடந்தது.

கொரோனாவால் இரண்டு வருஷம் அந்தியூர் குதிரைச் சந்தை கூடவில்லை. அந்த நேரத்தில் பண்ணையைத் தயார் செய்தேன். கிளுவை வேலியில் இடைவெளி விழுந்த இடமெல்லாம் போத்து நட்டேன். கொட்டகை போட்டு, கீழே கல் பரப்பி, கட்டுத்தறி அடித்தேன். கோ-4 தீவனப்புல் கரணை வாங்கி அரை ஏக்கரில் ஊன்றினேன். சின்ன வயசிலிருந்து காங்கேயம் மாடுகளோடு வளர்ந்தவள் என்பதால் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனேன். கறவை மாடு, ஆடு, கோழி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "குதிரைக்குக் கட்டமே இல்லைங்கம்மா" என்று படிவத்தைத் திருப்பிக் காட்டினார் அங்கிருந்தவர். (2024 பிப்ரவரியில்தான் தேசிய கால்நடை இயக்கத்தில் குதிரை, கழுதை, ஒட்டகத்தையும் சேர்த்தார்கள். 50 விழுக்காடு மூலதன மானியம், அதிகபட்சம் 50 லட்சம். இப்போது தொடங்குகிறவர்கள் முதலில் அதை விசாரியுங்கள்.) நான் கைக்காசில்தான் இறங்கினேன்.

2022 ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா மறுபடி நடந்தது. தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்த கத்தியவாரி, மார்வாரி இனக் குதிரைகள் ஒரு பக்கம் மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன. கூட்டமெல்லாம் அங்கே. மட்டக்குதிரைகள் ஓரமாக மாட்டு வண்டிச் சக்கரங்களில் கட்டிக் கிடந்தன. 42 அங்குல உயரத்தில் செவலைப் பெட்டை ஒன்று, யாரையும் பார்க்காமல் அசைபோடுகிற மாதிரி வாயை ஆட்டிக்கொண்டு நின்றது. குதிரை அசைபோடாது என்பதுகூட எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

தரகர் துண்டை எடுத்துக் கையில் போட்டார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதுதானே வழக்கம். என் கையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். "அக்கா கையை எப்பிடிங்க புடிக்கறது?" என்று தம்பி மகனை இழுத்தார். அவனுக்கு எந்த விரலுக்கு எத்தனை ஆயிரம் என்றே தெரியாது. கடைசியில் நான், "வாயாலயே சொல்லுங்க, நானும் வாயாலயே சொல்றேன்" என்றேன். சுற்றி நின்ற இருபது பேரும் கேட்க 38,000 ரூபாய்க்கு முடிந்தது. ஒரு பெரியவர் கிட்டே வந்து அதன் இடது கண்ணுக்குக் கீழே விரலை வைத்தார். மயிர் சுழித்திருந்தது. "கண்ணுக்கடியில சுழி. வூட்டுல அழுகை நிக்காது, வேண்டாங்கண்ணு." விலை ஏன் இறங்கியது என்று அப்போதுதான் புரிந்தது. சுழிக்கு நான் பயப்படுகிறவள் இல்லை. ஆறு வயது என்று சொன்னதை நம்பியதுதான் தப்பு. பல்லைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பிறகு பத்துக்குக் குறையாது என்றார்.

முதல் மாசமே வயிற்றுவலி. மாட்டுக்குப் போடுவது போல காலையிலும் மாலையிலும் ஒரு பெரிய குண்டான் தீவனம் வைத்துவிட்டு, நடுவில் வெறும் வாயோடு கட்டிவைத்திருந்தேன். ராத்திரி அது படுத்துப் புரண்டு தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. டாக்டர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியே குழாய் விட்டார். "குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாதுங்கம்மா. வயிறு ஒண்ணுதான், அதுவும் சின்னது. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மேயணும்." மறுநாள் கட்டுத்தறியைப் பிடுங்கினேன்.

இரண்டாவது தப்பு மெதுவாக வந்தது. தைப்பொங்கல் வாக்கில் நடையில் ஒரு விறைப்பு. இன்றைக்கு முன்னங்கால் என்றால் நாளைக்குப் பின்னங்கால். குளம்பில் ஆணி ஏறியிருக்கும் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு நாள் தலைக்கயிறு மாட்டும்போது கன்னத்து எலும்பு இருபக்கமும் மேடாகக் கைக்குத் தட்டியது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறொரு குதிரையின் முகமாகிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வயசாச்சுல்ல" என்றார். என்னைச் சொன்னாரா குதிரையைச் சொன்னாரா தெரியவில்லை.

டெம்போவில் ஏற்றி, கரூர் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி, "என்ன தீனி போடறீங்க?" கோ-4 புல்லும் தவிடும் என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அந்தப் புல்லில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் ஒட்டவிடாது. மாட்டின் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. போதாக்குறைக்குத் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். ரத்தத்தில் சுண்ணாம்பு குறையக் குறைய உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுக்கும், எடுத்த இடத்தில் நார் வளர்ந்து முகம் வீங்கும். "சினை வேற, ஏழு மாசம் இருக்கும்" என்றார். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவேளை அவருக்கும் தெரியாதோ என்னவோ.

ஊருக்கு வந்ததும் கோ-4ஐப் பக்கத்துத் தோட்டத்து எருமைக்குக் கொடுத்துவிட்டேன். தவிட்டை நிறுத்தினேன். அருகும், காய்ந்த கடலைக்கொடியும், சுண்ணாம்புச் சத்து மாவும், குதிரைமசால் என்கிற தீவனப் பயிரும் என்று மாறியது. பெயரிலேயே குதிரை இருக்கிறது, அதை விட்டுவிட்டு மாட்டுப் புல்லைத் தேடி அலைந்திருக்கிறேன். கடலைக்கொடியில் பூஞ்சை வாடை அடித்தால் அந்தக் கட்டையே தூக்கிப்போட வேண்டும். மாடு தாங்குவதைக் குதிரை தாங்காது. இரண்டு மாசத்தில் நடை தெளிந்தது. கன்னத்து மேடு மட்டும் முழுசாக வற்றவேயில்லை.

குதிரைக்குச் சினை பதினோரு மாசம். காம்பு நுனியில் மெழுகு போலத் துளிர்த்ததும் கொட்டகைக்கு வெளியே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தேன். நாலாவது ராத்திரி, ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்குப் பனிக்குடம் உடைந்தது. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு வந்து, "பசு மாதிரிதான, விடியட்டும்" என்று உட்காரப் பார்த்தார். அரைமணிக்குள் குட்டி வராவிட்டால் டாக்டருக்குப் போன் போட வேண்டும் என்றேன். நம்பவில்லை. ரெண்டு அரைக்கெல்லாம் முன்னங்கால் இரண்டும், அதன் மேல் மூக்கும் வெளியே வந்து, குட்டி வைக்கோலில் சரிந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றது. நாலு தடவை விழுந்து ஐந்தாவது தடவை.

"சீம்பால் காய்ச்சலாமா?" என்று கேட்டார். முறைத்தேன். அது முழுக்கக் குட்டிக்குத்தான். அப்புறம் நஞ்சுக்கொடிக்காகக் காத்திருந்தோம். மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் பெட்டைக்கு ஆபத்து. போனைக் கையில் வைத்துக்கொண்டு நிமிஷம் எண்ணினேன். நாலு மணிக்கு விழுந்தது. கிழியாமல் முழுசாக இருக்கிறதா என்று டார்ச் அடித்து விரித்துப் பார்த்தேன்.

இப்போது ஐந்து உருப்படி இருக்கின்றன. பழனியிலிருந்து லாடக்காரர் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வந்து குளம்பு சீவுகிறார். கோயில் விசேஷம், மாப்பிள்ளை அழைப்பு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் என்று வருகிற வருமானம் தீனிக்குச் சரியாகப் போகிறது. லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

குட்டி பிறந்த அன்றைக்கு விடிந்ததும் நான் தூங்கிப் போய்விட்டேன். எழுந்து வந்து பார்த்தால் நஞ்சுக்கொடியைக் காணோம். நாய் இழுத்துப் போயிற்றா என்று பதறினேன். வீட்டுக்காரர் குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். பசு ஈன்றால் செய்வது போலவே, சாக்கில் சுற்றி, டிவிஎஸ் ஃபிஃப்டியில் வைத்துக் கொண்டுபோய், ஊர் எல்லை ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்திருக்கிறார்.