உள்துணி கழன்ற கண்

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது எந்தத் தையல்காரனும் தன் கண்ணைப் பற்றி யோசிக்க மாட்டான். 2017-இல் அக்டோபர் 18 தீபாவளி. கடையில் தைக்க வேண்டிய பிளவுஸ் பீஸ் மூட்டையாகக் கிடந்தது. வலது கண்ணில் கறுப்பாக நூல் பிசிறுகள் மிதக்க ஆரம்பித்தபோது, கண்ணாடியில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று சட்டை நுனியால் துடைத்தேன். போகவில்லை. கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே ஓடிவந்து ஆடி நின்றது. ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் பூட்டைத் தேடும்போது, காதுப் பக்க ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெட்டியது. மழை வரப்போகிறது போல என்று சைக்கிளை வேகமாக மிதித்தேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறவன். அப்போது பவர் மைனஸ் எட்டு. அவ்வளவு பவர் உள்ளவனுக்குப் பிசிறும் மின்னலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ரெட்டினா, அதாவது விழித்திரை டாக்டரிடம் ஓட வேண்டும். நான் போனது தெருமுனைக் கண்ணாடிக் கடைக்கு. "ராத்திரி வேலை ஜாஸ்திண்ணே, சூடு" என்று ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

ஒன்பதாவது நாள் காலையில், மூக்கை ஒட்டிக் கீழேயிருந்து சாம்பல் நிறத் திரை ஒன்று ஏறியது. பஸ் பிடித்து மதுரை போனேன்.

கண் பாப்பாவைப் பெரிதாக்க மருந்து விட்டு, தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, ஒரு சின்னக் கம்பியால் இமைக்கு மேல் அழுத்தி அழுத்திப் பார்த்தார் டாக்டர் மேடம். பிறகு சிவப்பு, நீலம் என்று கலர் பென்சில் எடுத்து வட்டமாகப் படம் போட்டார். சிவப்பு, விழித்திரை ஒட்டியிருக்கும் இடம்; நீலம், கழன்ற இடம். கிழிசல் மேலே, காதுப் பக்கம். எனக்கு மறைத்ததோ கீழே, மூக்குப் பக்கம். "உள்ள எல்லாம் தலைகீழாத்தான் விழும். மேல கழண்டா கீழ மறைக்கும்" என்றார்.

"தீபாவளி முடிஞ்சதும் வந்து பண்ணிக்கட்டுமா மேடம்?"

"கூர்மையாப் பாக்கிற நடுப்புள்ளி இன்னும் ஒட்டியிருக்கு. அது கழண்டுட்டா அப்புறம் நான் ஒட்ட வச்சாலும் பழைய பார்வை வரும்னு சொல்ல முடியாது. இங்கயே படுங்க."

ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'நரம்பு விலகிடுச்சு' என்றார்கள். எனக்கு அது விளங்கவில்லை. மேடம் படத்தைக் காட்டிச் சொன்னபோதுதான் புரிந்தது. இது லைனிங் பிளவுஸ். கண்ணின் வெள்ளைச் சுவர் மேல்துணி, விழித்திரை உள்துணி. உள்துணியில் ஒரு கிழிசல் விழுந்து, அது வழியாகத் தண்ணீர் புகுந்து, இரண்டு துணிக்கும் நடுவில் உப்பிவிட்டது. நானாக இருந்தால் உள்துணியை இழுத்து மேல்துணியோடு சேர்த்துத் தைப்பேன். இவர்கள் செய்வது நேர்எதிர். உள்துணியைத் தொடுவதே இல்லை. வெளியே ஒரு சிலிக்கான் பட்டியைச் சுற்றி இறுக்கி, மேல்துணியை உள்ளே அமுக்கி, உள்துணி இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். பக்கிள் என்று பெயர். முப்பத்தாறு வயது, சொந்த லென்ஸ் தெளிவாக இருக்கிறது, உள்ளே போய்க் கண்ணை நிரப்பியிருக்கிற ஜெல்லை எடுத்தால் புரை சீக்கிரம் வரும், அதனால் இதுதான் சரி என்றார் மேடம்.

கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து பண்ணினார்கள். வலி இல்லை, ஆனால் இழுப்பு தெரியும். கண்ணை அசைக்கிற தசைகளில் நாலுக்கு அடியிலும் நூல் கொடுத்துத் தூக்குவார்கள். ஒருமுறை இழுத்தபோது வயிற்றைப் புரட்டியது. பக்கத்தில் மெஷின் சத்தம் மெதுவானது. "விடுங்க மேடம், பல்ஸ் இறங்குது" என்றது ஒரு குரல். கண்ணை இழுத்தால் இதயம் மெதுவாகும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். விட்டதும் சரியாகிவிட்டது. கிழிசலைச் சுற்றிக் குளிரால் சுட்டார்கள். அந்தத் தழும்புதான் பிறகு பசை. உள்ளே தேங்கிய நீரை வெளியிலிருந்து சின்னத் துளை போட்டு வடித்தார்கள்.

பட்டியின் அகலம் இரண்டரை மில்லிமீட்டர். பாவாடை நாடாவில் பாதிகூட இல்லை. அதை வெள்ளைச் சுவரில் வைத்துத் தைக்க வேண்டும். அந்தச் சுவர் தசை ஒட்டுகிற இடத்துக்குப் பின்னால் 0.3 மில்லிமீட்டர்தான். ஊசி அதில் பாதி ஆழம் போய் வெளியே வர வேண்டும், மறுபக்கம் குத்திவிடக் கூடாது. ஷிபான் புடவையில் ஹெம்மிங் போட்டவன் நான். அந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோது மகள் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். கிழிசலை அடைத்தால்தான் விழித்திரை ஒட்டும் என்று நிரூபித்தவர் சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனின். வெளியிலிருந்து அமுக்கும் வித்தையை 1949-இல் ஜெர்மனியில் கஸ்டோடிஸ் செய்தார். 1951-இல் அமெரிக்காவில் செய்தவர் பெல்ஜியத்துக்காரர் ஷெப்பன்ஸ். மேடம் தலையில் மாட்டியிருந்தாரே, அந்த விளக்கும் ஷெப்பன்ஸ் உருவாக்கியதுதான். இரண்டாம் உலகப் போரில் அவர் பொய்ப்பெயரில் பிரான்ஸ் எல்லையில் மரம் அறுக்கும் மில் நடத்தி, ஜெர்மன்காரர்களுக்குத் தெரியாமல் ஆட்களை மலை தாண்டி அனுப்பியிருக்கிறார். மகள் இதை மூன்று தடவை படித்தாள்.

விழித்திரை ஒட்டிக்கொண்டது. அதோடு கதை முடியவில்லை. இடுப்பில் நாடாவை இறுக்கினால் துணி மேலும் கீழும் பிதுங்குமே, அதேபோல் இறுக்கிய கண் முன்பின்னாக நீளும். மைனஸ் எட்டு, பத்தரை ஆனது. அதையாவது கண்ணாடி மாற்றிச் சமாளிக்கலாம். ஒரு மாதம் கழித்து மெஷினில் உட்கார்ந்தபோது, ஊசி ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தெரிந்தது. மேலே தெரிவது நிஜமா, கீழே தெரிவது நிஜமா? விரலைக் கொடுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒரு கண்ணை மூடினால் ஒரே ஊசி. பட்டி தசைக்கு அடியில் ஓடுவதால் வீக்கமும் தழும்பும் தசையைப் பிடித்துக்கொள்ளும், பலருக்குச் சில மாதத்தில் தானாகவே சரியாகும் என்றார் மேடம். எனக்குப் பாதிதான் சரியானது. மீதிக்கு, ஒளியைத் திருப்பி இரண்டு படத்தையும் ஒன்றாக்குகிற பிரிசம் வைத்த கண்ணாடி. கையெழுத்து வாங்கிய தாளில் இதெல்லாம் இருந்தது. வாசித்துக் காட்டவும் செய்தார்கள். குருடாகப் போகிற பயத்தில் இருக்கிறவன் காதில் 'இரட்டைப் பார்வை' என்ற சொல் விழுமா?

இப்போதும் நூல் கோர்க்கும்போது வலது கண்ணை மூடிக்கொள்வேன். ஒருநாள் அளவு கொடுக்க வந்த ஆச்சி, "என்னப்பா, இந்த வயசில என்னைப் பாத்துக் கண்ணடிக்கிற?" என்றார். கடையே சிரித்தது.

2021-இல் காலையில் எழுந்தால் இமை ஒட்டியிருந்தது, பீளை. கண்ணை உருட்டினால் மேல்மூலையில் முள் மாதிரி உறுத்தல். சொட்டு மருந்து விட்டால் அடங்கும், நிறுத்தினால் வரும். இந்தத் தடவை கண்ணாடிக் கடைக்குப் போகவில்லை. மேடம் இமையைத் தூக்கிப் பார்த்ததும் சொல்லிவிட்டார், தையல் முடிச்சு மேல்தோலைக் கிழித்து வெளியே வந்திருக்கிறது, பட்டி ஓரமும் தெரிகிறது, கிருமி ஏறியிருக்கிறது. எடுத்தாக வேண்டும். எடுத்தால் சிலருக்கு மறுபடி கழலும். தழும்பு நன்றாகப் பிடித்திருப்பதால் எனக்கு நம்பிக்கை உண்டு என்றார்.

போட ஒன்றரை மணி நேரம். பிரிக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் தொழிலில் தைப்பதைவிடப் பிரிக்கத்தான் நேரமாகும் என்றேன். மேடம் சிரித்தார். விழித்திரை அப்படியே நின்றது. பிரிசம் இன்னும் இருக்கிறது. இடது கண்ணிலும் விழித்திரை ஓரம் மெலிந்திருந்ததால், முதல் ஆபரேஷன் நேரத்திலேயே அதற்கு லேசர் போட்டிருந்தார்கள்.

அந்தப் பட்டியைக் கேட்டேன். சிஸ்டர் பஞ்சில் வைத்துக் காட்டினார். மஞ்சள் படிந்து, ஒரு முனையில் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கருநீல நூல், சுத்தமான முடிச்சு. "வீட்டுக்கெல்லாம் தர மாட்டோம் அண்ணே" என்று மஞ்சள் பையில் போட்டுவிட்டார்.