பெண்ணையாற்று வண்டலும் ஒரு லாரி டயரும்

05.01.2025, ஞாயிறு

புது பிளாஸ்டிக் மாடல் கிட் பெட்டியைப் பிரித்தாயிற்று. 1:24 அளவில், அதாவது நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்காக, ஒரு சரக்கு லாரி. கேபினும் சேசிஸும் அப்படியே கிடக்கட்டும், நான் டயரில் ஆரம்பிக்கிறேன். ஒரு லாரி எந்தப் பக்கத்து வண்டி, நேற்று எந்த மண்ணில் ஓடியது என்பதெல்லாம் டயரைப் பார்த்தால் தெரியும். அதில் வெறும் கறுப்பைத் தடவி விட்டுவிடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

இந்த லாரி கடலூர் ஆல்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில், ஃபெஞ்சல் புயல் வெள்ளம் வடிந்த பிறகு நிற்பது போலச் செய்யப்போகிறேன். புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்குப் பின்னால் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து கரையோரத் தெருக்களுக்குள் புகுந்தது. தண்ணீர் போய்விட்டது, வண்டல் இன்னும் சுவரோரம் இருக்கிறது. அந்த வண்டலின் நிறம் மறப்பதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

டயர்களைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் பழைய பல் பிரஷும் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். வார்ப்பு அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

08.01.2025, புதன்

வேலை முடிந்து வரும் வழியில் நெல்லிக்குப்பம் ரோட்டு டயர் கடையில் நின்றேன். போனை எடுத்ததும் கடை அண்ணன், "ஏம்மா, பழைய டயரைப் போட்டோ எடுத்து என்ன செய்யப்போற?" என்றார். சின்ன லாரி செய்கிறேன், அதற்காக என்றேன். அதற்குப் பிறகு அவரே ஒவ்வொன்றாக உருட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். "முன்னாடி கோடு டயர், பின்னாடி பட்டன் டயர். மாத்திப் போட்டா லாரிக்காரன் எவனும் ஒத்துக்க மாட்டான், பாத்துக்க." கோடு டயர் என்றால் சுற்றிலும் நீளக் கோடாகப் பள்ளம் ஓடுவது, பட்டன் என்றால் முகம் கட்டி கட்டியாக இருப்பது. என் கிட்டில் ஆறு டயருக்கும் ஒரே பட்டன்தான். முன்னால் போடுவதற்குக் கோடு டயர் தனியாக வாங்க வேண்டும்.

அங்கே பார்த்ததை மறக்காமல் எழுதிவைக்கிறேன். புது டயர்தான் உண்மையில் கறுப்பு, அதன்மேல் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓடின டயரில் தரையைத் தொடும் முகம் வெளிறிய சாம்பல், பள்ளத்துக்குள் கறுப்பும் மண்ணும். பக்கச் சுவர் இரண்டிலும் சேராத ஒரு பழுப்பு. நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் அந்தப் பழுப்பு இன்னும் அதிகம். ஓசோன் பட்டு வெடிக்காமல் இருக்க ரப்பரில் கலக்கும் பொருள் மெல்ல மேலே ஊறி வந்து, காற்றுப் பட்டு நிறம் மாறுவதால் வருவது அது. அழுக்கு என்று நினைத்து மண் நிறத்தில் அடித்தால் சரியாக வராது. அடிப்படைப் பெயிண்டிலேயே அந்தப் பழுப்பு இருக்க வேண்டும்.

பின் ஜோடி டயர்களுக்கு நடுவில் கல் சிக்கியிருந்தது. அண்ணன் கடப்பாறையால் நெம்பி எடுத்தார். அதையும் மாடலில் வைக்கப்போகிறேன்.

10.01.2025, வெள்ளி

உப்புத்தாள் வேலை மட்டும். டயர் நடுவில் ஓடும், வார்ப்பில் விழுந்த அச்சுக்கோட்டை 320 நம்பர் தாளில் தேய்த்து எடுத்தேன். கிட் டயரின் வினைலை அப்படித் தேய்த்தாலே தேய்ந்த ரப்பரின் முகம் பாதி வந்துவிடுகிறது.

13.01.2025, திங்கள், போகி

விடியுமுன்னே தெருமுனையில் யாரோ டயரைக் கொளுத்திவிட்டார்கள். வேண்டாம் என்று வருஷா வருஷம் சொல்லியும் நிற்கவில்லை. அம்மாவுக்கு இருமல். ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கரிதான் டயரின் நிறம். ரப்பர் பால் வெள்ளை, காய்ந்தால் வெளிர் மஞ்சள். டன்லப் 1888-இல் காற்றடைத்த டயர் செய்தபோது அது கறுப்பாக இல்லை. 1898-இல் பிறந்த மிஷலின் டயர் மனிதன் வெள்ளையாக இருப்பதும் அதனால்தான். எண்ணெயையோ வாயுவையோ அரைகுறையாக எரித்துக் கிடைக்கும் கரித்தூளை ரப்பரில் கலந்தால் அது சீக்கிரம் தேயாது, வெயிலில் கெடாது என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெரிந்துகொண்டார்கள். தேயத் தேய, வெயில் பட, மேல் கறுப்பு மங்குகிறது. சுத்தக் கறுப்புப் பெயிண்ட் சின்ன டயரில் பொய்யாகத் தெரிவதற்கு இதோடு இன்னொரு காரணமும் உண்டு. தள்ளி நின்று பார்க்கும் பொருளின் நிறம் வெளிறித் தெரியும், 1:24 மாடலை நாம் எப்போதும் தள்ளி நின்றுதான் பார்க்கிறோம்.

15.01.2025, புதன்

மாட்டுப் பொங்கல். மத்தியானம் வீடு அடங்கியதும் பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷை எடுத்தேன். டாமியா கம்பெனி பெயிண்டில் எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக் முழுக்க ஒரு மெல்லிய பூச்சு. பக்கச் சுவருக்கு அதிலேயே எக்ஸ்எஃப்-52 ஃபிளாட் எர்த் என்ற மண் பழுப்பு சில துளி. தரை முகத்துக்கு எக்ஸ்எஃப்-57 பஃப் கலந்து வெளிறவைத்தேன். எழுத்துகளும் ஓரங்களும் உலர்ந்த பிரஷில் லேசாக, பிளாட்ஃபார்மில் உரசின அளவுக்கு மட்டும்.

வினைலுக்கு எனாமல் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். வினைலை மெத்தென்று வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் கசிந்து எனாமலைக் காயவிடாது, பிசுபிசுவென்றே இருக்கும். அதே கசிவு வருஷக்கணக்கில் டயர் ஏறும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் டிஸ்க்கையும் கரைத்துவிடும். அதனால் டிஸ்க்கைச் சுற்றிக் குழாய் வேலைக்கு வாங்கும் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகே டயரை ஏற்றினேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

18.01.2025, சனி, ஆற்றுத் திருவிழா

தை ஐந்து. பெண்ணையாற்றில் ஊரே கூடியிருந்தது. சாமிகளை ஏற்றிக்கொண்டு டிராக்டரும் குட்டியானை வண்டியும் ஆற்றுக்குள் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தன. தீர்த்தவாரி பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கரையேறும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். இவ்வளவு டயர்களை ஈர மண்ணோடு ஒரே இடத்தில் பார்க்க வேறு எங்கே முடியும்?

மண்ணில் இறங்கிய டயர் ஏறி வரும்போது முழுக்க அப்பிக்கொண்டு வருகிறது. தார் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் தரை முகம் துடைத்துவிட்டது போலாகிறது. தோள்பட்டையில், அதாவது முகமும் பக்கச் சுவரும் சேரும் வளைவில், மண் அப்படியே நிற்கிறது. பள்ளங்களில் அடைந்தது கடைசிவரை போவதில்லை. பக்கச் சுவரில் வெளிப்பக்கம் தெறிப்பு, டிஸ்க்கை நெருங்க நெருங்கக் குறைகிறது. காய்வதும் ஒரே சீராக இல்லை: மேடு வெளுத்துப்போன பிறகும் பள்ளம் கருத்து ஈரமாகவே இருக்கிறது. நானும் முன்பெல்லாம் படங்களைப் பார்த்துத்தான் செய்துவந்தேன். எந்தப் படத்திலும் இந்த வரிசை இவ்வளவு தெளிவாகக் கிடைத்ததில்லை.

திரும்பும்போது ஆல்பேட்டையில் ஒரு சுவரோரம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்த வண்டலைக் கொஞ்சம் பையில் போட்டுக்கொண்டேன். கடலூர் கேப்பர் மலைச் செம்மண் வீட்டில் ஏற்கெனவே உண்டு.

19.01.2025, ஞாயிறு

இரண்டு மண்ணையும் வாணலியில் வறுத்து, பழைய மெல்லிய வாயில் (voile) துணியில் சலித்தேன். வண்டல் மாவாக இறங்கியது. செம்மண்ணில் மணல் கலந்திருக்கிறது. அரை மில்லிமீட்டர் மணல் 1:24-இல் 12 மி.மீ. ஜல்லி. அது டயரில் ஒட்டியிருந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். வண்டல் துகளோ 0.06 மி.மீ.க்குள் அடங்குவது, பெருக்கிப் பார்த்தாலும் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆற்று வண்டல் இந்த அளவு மாடலுக்கு அப்படியே பொருந்துகிறது, செம்மண்ணுக்கு மட்டும் சாக் பேஸ்டல் என்ற வண்ணச் சுண்ணக்கட்டியைச் சுரண்டிய தூள்தான். எந்த மண்ணானாலும் ஒட்டவைக்கும்போது ஒரு படி கருக்கும். அதனால் வண்டலோடு வெள்ளை பேஸ்டல் தூளும் கலந்துகொண்டேன்.

முதலில் செம்மண் தூள், மிகக் கொஞ்சம், பக்கச் சுவரில் மட்டும், உலர்வாக. புயலுக்கு முந்தைய ஓட்டம் அது. அதன்மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்த வண்டல், பள்ளங்களிலும் தோள்பட்டையிலும் தாராளமாக. ஆல்கஹால் ஆவியானதும் விளிம்பில் கறை படிந்து தானாகவே தண்ணீர்க்கோடு விழுகிறது. கையால் வரைந்தால் அப்படி வராது. காய்ந்த பின் ஆல்கஹால் நனைத்த பஞ்சைக் கட்டையில் சுற்றி, தரை முகத்தை மட்டும் டயர் உருளும் திசையில் துடைத்தேன். சாம்பல் மேலே, வண்டல் கீழே. நேற்று கரையில் பார்த்தது என் மேசைமேல் வந்துவிட்டது.

22.01.2025, புதன்

பாரம் ஏற்றிய லாரி டயர் தரையில் மூன்று செ.மீ. போல அமுங்கும். இங்கே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பின் டயர்களின் அடியைச் சூடான கரண்டிக் காம்பில் அழுத்தித் தட்டையாக்கி, இருபுறமும் லேசாகப் பிதுங்கவிட்டேன். பெயிண்ட் நசுங்கிய இடத்தில் மறுபடி கொஞ்சம் வண்டல். ஜோடிக்கு நடுவில் ஒரு பொடிக்கல்.

கோடு டயர்கள் இன்னும் வரவில்லை. அதுவரை ஸ்டெப்னி. அது சேசிஸுக்கு அடியில் தொங்குவது, தரையைத் தொடாதது, எனவே முகத்தில் தேய்ந்த சாம்பல் கூடாது. பின் சக்கரம் வாரியடித்த சேறு ஒரு பக்கம் மட்டும். மறு பக்கம் பழைய செம்மண் தூசி, அதன்மேல் கொஞ்சம் டீசல் கறை.