சக்கரம் தொட்ட பிறகும் கால் வேலை முடியவில்லை

டர்பனில் பறக்கக் கற்கும் நம் பிள்ளைகளுக்காக, பக்கக்காற்றில் விமானத்தைத் தரையிறக்குவது பற்றி இது. வர்ஜீனியா விமான நிலையத்தின் 05/23 ஓடுபாதை (வடகிழக்கு–தென்மேற்காகக் கிடப்பதை அந்த எண்கள் காட்டும்) கடற்கரையை ஒட்டியே கிடக்கிறது. வடகிழக்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் பெரும்பாலும் அதன் நீளவாக்கில்தான் அடிக்கும். அதிலேயே பழகிய, மிதிகளை இயக்கும் கால், ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும் பக்கக்காற்று நாளில் மந்தமாகிவிடும்.

பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் சிறு விமானமான செஸ்னா 172-இன் கையேடு 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) பக்கக்காற்று வரை சோதித்ததாகச் சொல்கிறது. 20 நாட் காற்று ஓடுபாதையிலிருந்து 30 டிகிரி விலகி வந்தாலே பக்கவாட்டில் 10 நாட்.

தொடும் நொடியில் மூக்கு நடுக்கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். கோணலாகத் தொட்டால் டயர் கீச்சிட்டு விமானத்தை ஓரத்துக்கு இழுக்கும். அதிவேகமாக வந்து, இறங்க மறுக்கிறதே என்று யோக்கை (கைப்பிடிச் சக்கரத்தை) முன்னால் தள்ளுவது அதைவிட மோசம். பாரம் மூக்குச் சக்கரத்தில் ஏறும், பின்சக்கரங்கள் லேசாகும், விமானம் மூக்குச் சக்கரத்தையே அச்சாக வைத்துச் சுழன்றுவிடும்.

தொட்டதும் ஏலிரானை (இறக்கை ஓரத்தில் உள்ள, யோக்கைத் திருப்பி இயக்கும் மடல்) விட்டுவிடாதீர்கள். வேகம் குறையக் குறைய அதன் பலமும் குறையும். ஆகவே காற்று வரும் பக்கமாகக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் முழுதாகத் திருப்புங்கள். ரடரை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகட்டின் மிதியை) உடனுக்குடன், சின்னச் சின்னதாக மிதியுங்கள். மூக்குச் சக்கரத்துக்குப் பதில் வாலில் சக்கரம் உள்ள வால்சக்கர விமானத்தில் எடைமையம் முன்னுள்ள பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் சிறு விலகலும் தானாகப் பெருகும்.

இறக்கம் சரியாக அமையாமல், வேகமும் பாதையும் மிச்சமிருந்தால், த்ராட்டிலை (எஞ்சின் விசைப்பிடியை) முழுதாகத் திறந்து மீண்டும் மேலேறி மறுசுற்றுப் போங்கள்.