மூன்றாவது மேஜை

மண்டபம் பக்கம் நண்டுச் சதை பிரிக்கும் ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் வருடம் அது. அவித்த நீலக்கால் நண்டை உடைத்து, ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூடச் சேராமல் சதையை எடுப்பது பெண்களின் வேலை. பின்பக்கத் துடுப்புக் கால் பொருந்தும் இடத்துப் பெரிய சதை முழுசாக வந்தால்தான் நல்ல விலை. கூலி கிலோக் கணக்கில்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு வலையில் விழும் நண்டு மட்டும் வரும். ஆண்களுக்குக் கடல் வேலை இல்லாததால் பல வீடுகளில் இந்தப் பெண்களின் கூலியில்தான் உலை கொதித்தது. அது தெரிந்தும் நான் அப்படிப் பேசினேன்.

மூன்றாவது மேஜை அக்கா எடுக்கும் சதையின் எடை ஒரு வாரமாகக் குறைந்துகொண்டே வந்தது. மேலிருந்து எனக்கு நெருக்கடி. எல்லோர் முன்னாலும் எடை நோட்டைக் காட்டி, "கை இங்கே இருக்கு, கவனம் எங்கே அக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிளவுஸைக் கழற்றி மடித்து மேஜை ஓரத்தில் வைத்தார். மறுநாள் அவரும் வரவில்லை, கூட வரும் நாலு பேரும் வரவில்லை.

வேறு ஆள் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "குறை இருந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்லலாம்ல தம்பி. மருமக முன்னாடி சொல்லிட்டீங்களே," என்றார். அந்த மருமகளும் அதே மேஜைதான். எனக்கு அது உறைக்கவே இல்லை. அப்புறம் கேட்டார்: "நோட்டைப் பார்த்தீங்க, கூடையைப் பார்த்தீங்களா?"

எல்லோர் முன்னாலும் சொன்னதால், மறுநாள் காலையில் எல்லோர் முன்னாலும் வருத்தம் சொன்னேன். அவர் ஒரே அளவில் இரண்டு நண்டை எடுத்து என் இரு கையிலும் வைத்தார். ஒன்று கனத்தது. மற்றது காற்றுப்போல் இருந்தது. வயிற்றுப் பக்கத்து ஓடு, அழுத்தினால் உள்ளே போனது. ஓடு மாற்றிய நண்டு. புது ஓடு பெரிதாகிவிடும், சதை நிறைய நாளாகும், அதுவரை உள்ளே தண்ணீர்தான். முதலில் வருகிறவர்கள் கனத்த நண்டாகப் பொறுக்கிக்கொள்வார்கள். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து குடம் நிரப்பிவிட்டு வரும் இவருக்கு மிச்சம்தான். அந்தப் பங்கீட்டைக் கவனிக்க வேண்டியவன் நான்.

அன்றிலிருந்து லேசான நண்டைத் தனியே பிரித்து எல்லா மேஜைக்கும் சமமாகப் போடுகிறோம். முதலில் வருகிறவர்கள் முணுமுணுத்தார்கள். மூன்று நாள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. எடை குறைந்தால் இப்போது முதலில் கூடையில் கை வைத்துப் பார்க்கிறேன். அக்கா பழையபடி பேசுகிறார். மருமகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சரி, அவர் எப்போது பேசுகிறாரோ பேசட்டும்.