பக்கத்து வகுப்பு ஆசிரியை

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அந்தோனியோவில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் கணக்கு சொல்லிக்கொடுத்த காலத்தில், பக்கத்து வகுப்பு ஆசிரியை தன்னைச் சிக்கானா, அதாவது மெக்சிக வம்சாவளி அமெரிக்கப் பெண், என்றுதான் சொல்லிக்கொள்வார். "எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" என்று கேட்பவர்களிடம், "நாங்கள் வரவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது" என்பார். அமெரிக்காவும் மெக்சிகோவும் போருக்குப் பின் செய்துகொண்ட 1848 ஒப்பந்தத்தில் ரியோ கிராண்டே ஆறு எல்லையானபோது அவருடைய முன்னோர் ஆற்றுக்கு வடக்கே இருந்தவர்கள்.

ஆனால் ஸ்பானிய மொழி அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. அவர் அம்மா படித்த காலத்தில் டெக்சஸ் பள்ளிகளில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும். 1918இல் வந்த அந்தச் சட்டம் 1969 வரை நீடித்தது. விளையாட்டு மைதானத்தில் ஸ்பானிய மொழி பேசினாலும் பல பள்ளிகளில் அடி விழும். மார்ஃபா ஊரின் பிளாக்வெல் பள்ளியில் 1954இல் பிள்ளைகளைச் சீட்டில் எழுதவைத்து, அந்தச் சீட்டுகளைப் போட்டு ஸ்பானிய மொழியைக் குழிதோண்டிப் புதைக்கும் சடங்கே நடத்தினார்கள். அடி வாங்கிய அம்மா மகளை ஆங்கிலத்திலேயே வளர்த்தார். மகள் பாட்டியிடம் கொஞ்சம், அப்புறம் கல்லூரியில் மிச்சம் என்று கற்றுக்கொண்டார். அதனால் மெக்சிகோவிலிருந்து புதிதாக வந்த பெற்றோர் சிலர் அவர் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அதே வாரம் யாராவது அவருடைய ஆங்கில உச்சரிப்பைத் திருத்துவார்கள். எனக்கு அது பொறுக்காது.

ஆனாலும் ஸ்பானிய மொழி பேசும் பெற்றோர் வந்தால் மொழிபெயர்க்க அவரைத்தான் அலுவலகம் அழைக்கும். அப்படி ஒரு பெற்றோர் கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. பையனுக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று பரிசோதிக்க அனுமதி கேட்டார்கள். பையனின் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டார். மொழிபெயர்த்துக்கொண்டிருந்த இவர் நிறுத்தி, "உங்களுக்குப் புரிந்ததைச் சொல்லுங்களேன்" என்று கேட்டார். பையனை வேறு பள்ளிக்கு அனுப்பப்போகிறார்கள் என்றே அந்த அம்மா நினைத்திருந்தார்! அதிகாரிகள் முன்னால் எதற்கும் தலையாட்டிவிடும் பழக்கத்தை இவர் தன் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர். மொழி மட்டும் தெரிந்த ஒருவர் அன்று படிவத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

இப்படி அழைப்பு வரும்போதெல்லாம் அவருடைய வகுப்புப் பிள்ளைகள் என் வகுப்பில் வந்து உட்காருவார்கள். இருமொழி வகுப்பு ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் தொகை இவருக்கு இல்லை. "உங்களுக்குத்தான் தெரியுமே" என்று அலுவலகம் முடித்துக்கொள்ளும். தெரிந்துகொள்ள இரண்டு தலைமுறை பட்ட பாட்டை யார் கணக்கில் எடுப்பது? கடைசியில் அவர் ஒரு மனு எழுதினார், நானும் கையெழுத்திட்டேன். அவர் பணம் கேட்கவில்லை, மொழிபெயர்ப்பு வேலைக்கென்று வாரத்தில் ஒரு பீரியட் கேட்டார். நான் அந்தப் பள்ளியை விட்டு வரும்வரை அது கிடைக்கவில்லை.