காசு எண்ணும் முதலாளி
நியூயார்க் உல்வொர்த் கட்டடத்துக்குள் ஒருவழியாகப் போய்விட்டேன்! வழிகாட்டியோடு போனதால் உள்ளே விட்டார்கள். 1913-இல் திறந்தது, 1930 வரை உலகின் உயரமான கட்டடம். இப்போது மேல்மாடிகள் சொகுசு வீடுகள், கீழே இன்னமும் அலுவலகங்கள்.

கீழ்த்தளக் கூடத்தில் அண்ணாந்தால் கூரை முழுக்க தங்க நிற மொசைக். அதற்குக் கீழே ஒரு சின்னச் சிற்பம்: பொருள்களை ஐந்து, பத்து சென்ட்டுக்கு விற்கும் கடைகள் நடத்தி, இந்தக் கட்டடத்தைக் கட்டவைத்த உல்வொர்த் காசு எண்ணுகிறார். இன்னொன்றில் கட்டடக் கலைஞர் காஸ் கில்பர்ட் இந்தக் கட்டடத்தையே கைக்குழந்தை மாதிரி ஏந்தியிருக்கிறார். அப்படியே நின்றுவிட்டேன்.

கடன் வாங்காமல், அந்தச் சில்லறையில் எழுந்த கோபுரம் இது. இடித்துத் தள்ளாமல் வீடாக்கி விளக்கேற்றியிருக்கிறார்களே, அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம், அந்தக் கூடத்தை எல்லோருக்கும் தினமும் திறந்துவிட்டால் இன்னும் நன்றாயிருக்கும்.